அப்பாயி வளர்த்த மகன், காப்பகம் வளர்த்த மகள்

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், அடையாளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 33. கணவர் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கிறார்; வருடத்துக்கு ஒரு தடவை வந்து போவார். இவர் ஒரு வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தர். சாதாரண நாளில் மாலை ஆறரைக்கு வீடு. குறுவைக்கும் சம்பாவுக்கும் கடன் கொடுக்கும் மாதங்களில் ஏழரை, எட்டு ஆகிவிடும்.

பெரியவனுக்கு ஏழரை வயது. ஆறாம் மாதத்திலிருந்து எல்.கே.ஜி. சேரும்வரை அவனை வளர்த்தது அப்பாயி, அதாவது இவருடைய மாமியார். இப்போது ஆங்கில வழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வாசிப்பு ஏறவே இல்லை. பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதும்போது வரி விட்டுப்போகிறது. "இன்னொரு வருஷம் இரண்டாவதே படிக்கட்டும், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

சின்னவளுக்கு நான்கு வயது. அவள் பிறந்த சமயத்தில் மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. அதனால் பதினான்கு மாதத்திலேயே டவுனில் ஒரு தனியார் காப்பகத்தில் விட்டார்கள். இப்போது காலையில் எல்.கே.ஜி., மதியம் வேனில் அதே காப்பகம், மாலையில் அம்மா வந்து கூட்டிப்போவது. கடிக்கிறாள், அடிக்கிறாள், சொன்னதைக் கேட்பதில்லை என்று வாரம் ஒரு புகார்.

கணவர் வீடியோ காலில், "வேலையை விட்டுடு, என் சம்பளம் போதும்" என்கிறார். மாமியார், "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும், அப்பவே சொன்னேன்" என்கிறார். இவருடைய மனதில் ஓடுவது வேறு: "பெரியவனை எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் விட்டேன், படிப்பு போச்சு. சின்னவளைக் காப்பகத்தில் விட்டேன், குணம் போச்சு. இரண்டு விதமாகவும் தப்புப் பண்ணிவிட்டேன்." கேள்விகள் மூன்று. வேலையை விடட்டுமா? சின்னவளை ஒரு வருடம் பள்ளியை விட்டே நிறுத்தி மாமியாரிடம் விடட்டுமா? நடந்தது நடந்ததுதானா, இனி மாற்ற முடியாதா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்றே முக்கால் பக்கம் காப்பகத்தையும் அப்பாயியையும் பற்றி இருக்கிறது. மூன்றாம் பக்கத்தின் அடியில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு வரும்போது, ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "சளி பிடித்தால் சின்னவளுக்குக் காதில் சீழ் வரும், எண்ணெய் காய்ச்சி விட்டால் நாலு நாளில் நின்றுவிடும்." அதற்கு மேலே இன்னொரு வரி: "அவள் மழலை எனக்குத்தான் புரியும், மற்றவர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும்." குழந்தை மருத்துவராக நான் திரும்பத் திரும்பப் படித்தது இந்த இரண்டு வரிகளைத்தான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் காது

அடிக்கடி சீழ் வடியும் காது பெரும்பாலும் முழுச் செவிடாகிவிடாது. அதனால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. "கூப்பிட்டால் திரும்புகிறாளே, டி.வி. பாட்டுக்கு ஆடுகிறாளே" என்பார்கள். நடுக்காதில் நீரோ சீழோ இருக்கும் நாட்களில் அந்தக் குழந்தைக்கு உலகம் ஒரு போர்வைக்கு வெளியே இருந்து கேட்பதுபோல இருக்கும். உரத்த சத்தம் கேட்கும். 'ச', 'த', 'ப' மாதிரி மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். சளி விட்டதும் கொஞ்சம் தெளியும், அடுத்த சளிக்கு மறுபடி மங்கும். இருபது பிள்ளைகள் கத்தும் அறையில் "பொம்மையைக் கீழே வை" என்று பின்னால் நின்று சொன்னால், அவளுக்குப் பாதி போய்ச் சேராது. வைக்க மாட்டாள். அடங்காத பிள்ளை என்று பெயர் வாங்குவாள்.

நான்கு வயதில் ஒரு குழந்தை பேசுவதில் பெரும்பகுதி வெளியாட்களுக்கும் புரிய வேண்டும். உங்கள் மகளுடையது புரியவில்லை. அப்படியென்றால் பக்கத்துப் பிள்ளை பொம்மையைப் பிடுங்கும்போது "அது என்னோடது, குடு" என்று அவள் சொன்னாலும் எதிராளிக்கு விளங்காது. அப்புறம் அவளிடம் மிச்சம் இருப்பது கையும் பல்லும்தான். என்னிடம் கடிக்கிறது என்று வரும் பிள்ளைகளில் பேச்சு பின்தங்கியவர்களை நான் நிறையவே பார்க்கிறேன். பேச்சு தெளியத் தெளியக் கடியும் குறையும்.

காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் இந்த மாதமே காட்டுங்கள். காதுக்குள் பார்ப்பதோடு நிறுத்தாமல் கேட்கும் திறன் பரிசோதனையும் வேண்டும் என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு அதை விளையாட்டாகச் செய்வார்கள். காதில் ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையை எடுத்துக் கூடையில் போட வேண்டும். வலி கிடையாது. ஒரு தனியார் இடத்தில் செலவு அதிகம் சொன்னார்கள் என்று எதற்கோ எழுதியிருந்தீர்கள். அரசு மருத்துவமனைகளை ஒட்டி மாவட்டம்தோறும் ஆரம்ப இடையீட்டு மையம் என்று ஒன்று இருக்கிறது. காது, கண், பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இலவசமாகப் பார்ப்பதற்காக ஏற்பட்டது. திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் விசாரியுங்கள், வழி சொல்வார்கள்.

எண்ணெய் வேண்டாம். பூண்டு காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம். காதுச் சவ்வில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேராக உள்ளே போகும். சீழ் நின்றது எண்ணெயால் அல்ல, சளி விட்டதால். மருத்துவர் பார்க்கும்வரை தலைக்கு ஊற்றும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் முங்குவது இப்போதைக்குக் கிடையாது.

காப்பகம் என்ன செய்யும், என்ன செய்யாது

காதுதான் முழுக் காரணம் என்று சொல்லி உங்களை அனுப்பிவிடவும் மாட்டேன். காப்பகத்தில் வளர்ந்தால் பின்னாளில் படிப்பும் குணமும் எப்படி ஆகும் என்ற கேள்வியை உலகம் முழுக்கக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க அரசின் குழந்தை நல ஆய்வு நிறுவனம் 1991-ல் பத்து இடங்களில் 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே பின்தொடர ஆரம்பித்து, அவர்கள் மேல்வகுப்புக்குப் போகும்வரை விடாமல் கவனித்தது. கிடைத்த விடை இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் சாதகம். நல்ல கவனிப்பு கிடைத்த பிள்ளைகளுக்குச் சொல்வளம் ஓரளவு கூடுதலாக இருந்தது, ஐந்தாம் வகுப்புவரை அது தெரிந்தது. காப்பகம் போன்ற இடங்களில் அதிக காலம் கழித்தவர்களைப் பற்றி, ஆறாம் வகுப்புவரைகூட, ஆசிரியர்கள் சற்றுக் கூடுதலாகப் புகார் சொன்னார்கள். ஆனால் இரண்டுமே சின்ன வித்தியாசங்கள். புகார் சொல்லப்பட்ட பிள்ளைகளும் பெரும்பாலும் சாதாரண வரம்புக்குள்தான் இருந்தார்கள். வீட்டில் தாய் தகப்பன் குழந்தையோடு எப்படிப் பழகினார்கள் என்பது காப்பகத்தைவிடப் பெரிய காரணமாக இருந்தது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1997-லிருந்து நாளுக்கு 5 டாலருக்குக் காப்பகம் கொடுத்தார்கள். தாய்மார்கள் நிறையப் பேர் வேலைக்குப் போனார்கள். ஆனால் பிள்ளைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாகப் பொருளியல் ஆய்வாளர்கள் கண்டார்கள். அவசரமாகப் பெருக்கிய இடங்களில் தரம் ஒரே மாதிரி இல்லை. காப்பகம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதிலே வராது. எந்தக் காப்பகம், எத்தனை மணி நேரம், உள்ளே யார் என்று கேட்டால் வரும்.

உங்கள் காப்பகத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியதிலிருந்தே எடுக்கிறேன். மூன்று வருடத்துக்குள் மூன்று ஆயாக்கள் மாறிவிட்டார்கள். குழந்தையைக் கேட்டிலேயே வாங்கிக்கொண்டு கேட்டிலேயே கொடுக்கிறார்கள், நீங்கள் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. மதியத்துக்கு மேல் டி.வி. ஓடுவதாகச் சின்னவளே சொல்கிறாள். இது சுமாருக்கும் கீழே. சின்னக் குழந்தைக்கு அழுதால் யார் வருவார் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒருவரைப் பழகிக்கொண்ட சமயத்தில் அவர் காணாமல் போய், மறுபடி இன்னொருவர், மறுபடி இன்னொருவர் என்றால் பிள்ளை ஒட்டாமலோ முரண்டு பிடித்தோதான் நிற்கும். டி.வி.யைப் பொறுத்தவரை, இரண்டு முதல் ஐந்து வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்தத் திரையும் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை.

அடுத்த வாரம் ஒரு நாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, சொல்லாமல் மதியம் மூன்று மணிக்குப் போங்கள். உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். விடவில்லை என்றால் அதுவே பதில். விட்டால், சுவரில் ஒட்டிய படங்களைப் பார்க்காதீர்கள். ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளைகள், ஆயா தரையில் உட்கார்ந்து பேசுகிறாரா, நாற்காலியிலிருந்து அதட்டுகிறாரா, அழுகிற பிள்ளைக்கு என்ன நடக்கிறது, கழிப்பறைக்கு யார் கூட்டிப்போகிறார் என்று பாருங்கள். ஆயாவின் சம்பளம் என்ன என்று கேட்டாலும் தப்பில்லை. சொற்பச் சம்பளம் கொடுக்கும் இடத்தில் எந்தப் பெண் நிலைத்து நிற்பார்?

என் மகனையும் நான் ஒன்பது மாதத்தில் ஒரு காப்பகத்தில்தான் விட்டேன், மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த காலம். நானும் கேட்டோடு நின்றவள்தான். உள்ளே போனால் மனசு கேட்காது, அப்புறம் விட முடியாது என்ற பயம். அதனால் உங்களைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

பால்வாடியைத் தள்ளிவிடாதீர்கள்

"எங்கள் தெருவிலேயே பால்வாடி இருக்கிறது, ஆனால் சோறும் முட்டையும்தான், படிப்பெல்லாம் இல்லை" என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். பால்வாடி என்கிற அங்கன்வாடிகளை நடத்துவது 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்; அதில் முன்பருவக் கல்வியும் ஒரு பணிதான். ஒரே பணியாளர் எடை பார்த்து, பதிவேடு எழுதி, கர்ப்பிணிகளைக் கவனித்து, மிச்ச நேரத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருப்பதால் அது சுருங்கிப்போகிறது. தமிழ்நாட்டிலேயே நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, அவற்றில் பாதியில் அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒரு பெண்ணை நியமித்துப் பார்த்தார்கள். சொல்லிக் கொடுக்கும் நேரம் இரு மடங்கானது. ஒன்றரை வருடத்தில் அந்த மையங்களின் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னே போனார்கள். கட்டடம் மாறவில்லை, யூனிபார்ம் மாறவில்லை. பிள்ளையோடு உட்கார ஒரு ஆள் கிடைத்தார், அவ்வளவுதான்.

உங்கள் தெரு பால்வாடி டீச்சர் நிலையாக இருப்பவரா, குழந்தைகளோடு பேசுபவரா என்று மாமியாருக்கே தெரிந்திருக்கும். விசாரியுங்கள். சரியாக இருந்தால் எல்.கே.ஜி. வேனைவிட அது மேல் என்பது என் கருத்து. ஷூ மாட்டினால்தான் படிப்பு என்ற நினைப்பு நம் டெல்டாக் கிராமங்களிலும் வேரூன்றிவிட்டது.

பெரியவனுக்கு அப்பாயி என்ன கொடுத்தார்

இப்போது உங்கள் கணக்கில் இருக்கும் பெரிய பிழைக்கு வருகிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர் வளர்த்ததால் வாசிப்பு வரவில்லை என்கிறீர்கள். அதே பக்கத்தில், "கதை சொன்னால் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்வான், நாற்றைப் பார்த்தே எந்த ரகம் என்பான், அப்பாயி சொன்ன விடுகதை ஐம்பதாவது தெரியும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். சொல்வளமும் ஞாபகமும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் பின்னால் வரும் படிப்புக்கு அஸ்திவாரம். அதை அப்பாயி கெட்டியாகவே போட்டிருக்கிறார். அவன் தடுக்கி விழுவது எழுத்தைப் பார்த்து ஒலியாக்கும் இடத்தில். அதற்கான காரணங்கள் வேறு இடங்களில் இருக்கின்றன.

ஒன்று, கண். பலகையிலிருந்து எழுதும்போது வரி விட்டுப்போகிறது என்றால் முதலில் கண் பரிசோதனை. கண்ணாடியோடு முடிந்துபோன கதைகளும் உண்டு.

இரண்டு, மொழி. வீட்டில் ஆங்கிலம் இல்லாத பிள்ளை, அர்த்தம் தெரியாத மொழியில் எழுத்துக் கூட்டுகிறான். தமிழில் வாசிக்கிறானா என்று பாருங்கள். 'படம்', 'மாடு', 'கொடி' போன்ற சொற்களைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். தமிழ் சரளமாக வந்தால் சிக்கல் மொழியில் இருக்கிறது. தமிழிலும் கொம்பையும் காலையும் விட்டுவிடுகிறான், எழுத்து முகம் மறந்துபோகிறது என்றால் அடுத்ததைப் பார்க்க வேண்டும்.

மூன்று, கற்றல் குறைபாடு. காகிதம் பேனா இல்லாமல் ஒரு விளையாட்டு விளையாடுங்கள். "'பகல்' என்ற சொல்லில் 'ப'வை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்?" 'கல்' என்று சொல்ல வேண்டும். இப்படிப் பத்துச் சொற்கள். ஏழரை வயதில், அதுவும் விடுகதை ஐம்பது தெரிந்த பையன், இதில் திணறினால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கலாம் என்று யோசிக்க வேண்டியதுதான். எட்டு வயதுக்கு மேல்தான் அதை உறுதிசெய்து சான்று தருவது வழக்கம். ஆனால் உதவியை அதற்காகக் காத்திருக்க வைக்கக் கூடாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இது சேர்க்கப்பட்டிருப்பதால், பின்னால் தேர்வுகளில் சலுகையும் கிடைக்கும். இது புத்திக் குறைவும் இல்லை, வளர்ப்புக் கோளாறும் இல்லை. குடும்பத்தில் பெரும்பாலும் ஓடிவருவது. உங்கள் கணவருக்குப் பள்ளியில் வாசிப்பு எப்படி இருந்தது என்று ஒரு நாள் சாவகாசமாகக் கேட்டுப் பாருங்கள்.

பள்ளி சொன்னதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா

இல்லை. 2009-ஆம் ஆண்டு இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. 2019-ல் வந்த திருத்தம்கூட ஐந்திலும் எட்டிலும் மட்டும்தான் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழிவிட்டது. இரண்டாம் வகுப்பில் நிறுத்துவதற்கு எங்கும் இடம் இல்லை. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொல்லியிருக்கிறது. உங்கள் பள்ளி அந்த வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். "மிஸ் ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டுவார்" என்று பெரியவன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனதைப் புண்படுத்துவதையும் தடைசெய்கிறது.

சின்னவள் ஆறு வயதுக்குக் கீழே என்பதால் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அவளுக்கு இதே அளவில் இல்லை. அதைத் தெரிந்துகொண்டே பேசுங்கள்.

பள்ளிக்குப் போனதும் சட்டத்தை எடுத்து மேசையில் போடாதீர்கள். கண், காதுப் பரிசோதனைத் தாள்களோடு போய், "இது கண்டுபிடித்திருக்கிறோம், முன் பெஞ்சில் உட்கார வையுங்கள், மூன்று மாதம் பார்ப்போம்" என்று கேளுங்கள். டி.சி. பேச்சு மறுபடி வந்தால் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் தனியார் பள்ளிகளுக்கென்று இருக்கும் மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு. குழந்தைகளை அடிக்கும் விஷயத்துக்கு 1098 எண்ணும் இருக்கிறது.

வேலையை விடுவதா?

இப்போது விடாதீர்கள் என்பதுதான் என் யோசனை. பயத்திலும் குற்ற உணர்விலும் எடுக்கும் முடிவு இது. காது சரியாகாமல், எழுத்துக்கு உதவி கிடைக்காமல் நீங்கள் மட்டும் வீட்டில் இருந்தால், ஆறு மாதத்தில் பிள்ளைகள் அப்படியே இருப்பார்கள், நீங்கள் மட்டும் சம்பளமும் மதிப்பும் இல்லாமல் இருப்பீர்கள். "உனக்காகத்தான் வேலையை விட்டேன்" என்ற வார்த்தை பிள்ளைகள் மேல் விழ ரொம்ப நாள் ஆகாது. வீடு கட்டிய கடன் இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சிங்கப்பூர் வேலையும் பர்மிட்டை நம்பியது.

ஒரு சின்னத் திருத்தம். இரண்டு வருடக் குழந்தை வளர்ப்பு விடுப்பு எல்லாப் பெண்களுக்கும் உண்டு என்று நினைத்திருக்கிறீர்கள். 730 நாள் விடுப்பு மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கானது. உங்கள் சங்கத்தின் பணி விதிகளில் என்ன இருக்கிறது என்று செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பகம் வைக்க வேண்டும் என்ற சட்ட விதியும் ஆறேழு பேர் இருக்கும் சங்கத்துக்கு உதவாது.

குறைக்க வேண்டியது சின்னவள் வெளியே இருக்கும் மணி நேரத்தை. காலை எட்டே முக்கால் முதல் மாலை ஆறே கால்வரை நான்கு வயதுக்கு நீளம்; அவள் அலுவலகமே போய் வருகிறாள். மதியத்துக்கு மேல் அவள் காப்பகம் போகாமல் வீட்டுக்கு வரட்டும். பத்து மாதக் குழந்தையை நாள் முழுக்கத் தூக்கிச் சுமக்க உங்கள் மாமியாரால் முடியாது. நான்கு வயதுப் பிள்ளைக்குச் சோறு போட்டு, பக்கத்தில் படுக்க வைத்து, கதை சொல்ல முடியும். பள்ளியை நிறுத்திவிட்டு முழு நாளும் அவரிடம் விடுவது வேறு, இது வேறு. முன்னதை நான் சொல்ல மாட்டேன்.

அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் வீட்டுக் கொல்லைக்கு அப்பால் வாய்க்கால் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் நம் பக்கம் வந்துவிட்டால், முழங்கால் வலியோடு இருக்கும் ஒருவரால் ஓடிப்போய்ப் பிடிக்க முடியாது. நான் வேலை பார்த்த இத்தனை வருடத்தில், வளர்ப்பு முறை சரியில்லாமல் எந்தக் குழந்தையையும் இழந்ததில்லை. வாய்க்காலுக்கும் குளத்துக்கும் பல குழந்தைகளை இழந்திருக்கிறேன். கண் மூடித் திறப்பதற்குள் என்பார்கள், அது அப்படியேதான். வங்கதேசத்தில் இதற்காகவே கிராமம்தோறும் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை, அம்மாக்கள் வேலையாக இருக்கும் நேரத்தில், சின்னக் காப்பகங்கள் நடத்தினார்கள். நீரில் மூழ்கும் சாவைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகளில் குழந்தைக் காப்பகமும் ஒன்று. காப்பகத்தில் விட்டதால் என்ன கெட்டது என்று கணக்குப் போடும் உங்கள் மாமியாரிடம், சின்னவள் நடக்கப் பழகிய அந்த இரண்டு வருடமும் வாய்க்கால் பக்கம் போகாமல் இருந்தாள் என்பதையும் சொல்லுங்கள். கொல்லைக் கதவுக்கு மேல் தாழ்ப்பாள், படலில் ஓட்டை இல்லாமல் அடைப்பு, இரண்டும் ஆன பிறகுதான் மதிய ஏற்பாடு.

கடன் மாதங்களில் நீங்கள் வர எட்டு ஆகும்போது, பள்ளி முடிந்து வரும் பெரியவன் தங்கையோடு இருப்பான், ஆனால் அவனைக் காவலுக்கு வைக்காதீர்கள். ஏழரை வயது அதற்குப் போதாது. பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒரு பெண்ணுக்குக் காப்பகத்துக்குக் கட்டும் பணத்தில் பாதியைக் கொடுத்து, ஐந்திலிருந்து நீங்கள் வரும்வரை வரச் சொல்லலாம்.

தொட்டில் பழக்கம்

உங்கள் மூன்றாவது கேள்வி. மூன்று வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பது பாதி உண்மையை முழுதாக்கிய பேச்சு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-ல் 123 ஏழைக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பாதிக்கு மட்டும் தினம் இரண்டரை மணி நேரம் நல்ல முன்பள்ளி, வாரம் ஒருமுறை ஆசிரியை வீட்டுக்கே போய்த் தாயோடும் பிள்ளையோடும் உட்காருவார். அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் முதலில் ஏறியது, பள்ளிக்குப் போன சில வருடங்களில் மற்றவர்களோடு சமமாகிவிட்டது. திட்டம் தோற்றது என்றார்கள். ஆனால் அதே ஆட்கள் 40 வயதை எட்டியபோது, முன்பள்ளி போனவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், போலீஸ் கேஸ்களில் குறைவாகச் சிக்கியிருந்தார்கள். இரண்டாம் வகுப்பு ரேங்க் கார்டைப் பார்த்தோ எல்.கே.ஜி. டைரியில் எழுதிய புகாரைப் பார்த்தோ வளர்ப்பைத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அடிப்பது, கடிப்பது எல்லாக் குழந்தைகளிடமும் இரண்டு, மூன்று வயதில் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கும். உங்கள் மகளுக்கு இறங்க நேரமாகிறது, காரணமும் கண்ணுக்குத் தெரிகிறது. இன்னொன்று: இதே கடியை ஒரு பையன் கடித்திருந்தால் வாரம் ஒரு புகார் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். "ஆம்பளைப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்று இரண்டாவது வாரமே விட்டிருப்பார்கள்.

உங்கள் கணவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. தினமும் வீடியோ காலில் "படிச்சியா, ஹோம்வொர்க் பண்ணியா, தங்கச்சியை அடிச்சியா" என்று விசாரணை நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாகப் பத்து நிமிடம் கதை சொல்லச் சொல்லுங்கள். அங்கே கட்டடத்தில் கிரேன் எப்படி மேலே போகிறது என்று சொன்னால் போதும். பெரியவன் அப்பாயியின் விடுகதையில் ஒன்றை அப்பாவிடம் போடட்டும். சின்னவள் பேசும்போது, புரியவில்லை என்றாலும், அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். நீங்கள் நடுவில் மொழிபெயர்க்காதீர்கள்.

இந்த மாதம் இரண்டு பேருக்கும் காது, கண், அப்புறம் காப்பகத்துக்குள் ஒரு எட்டு. பள்ளிப் பேச்சு அதற்குப் பிறகு. காதுப் பரிசோதனை முடிந்ததும் ஒரு தாளில் வரைபடம் போல ஒன்று தருவார்கள். அதை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு வராமல், வாங்கி வைத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.